உங்களுக்குத் தெரியுமா? வறுமை கத்தி எடுக்குமா?

‘கையில் காசு குறைந்தால் ஊரில் வெட்டுக்குத்து கூடும்’ என்பது டீக்கடையிலிருந்து டிவி விவாதம்வரை கேட்கிற பேச்சு. நடந்ததைப் பாருங்கள்.

● 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். கல்கத்தா வீட்டு வாசல்களில் நின்றவர்கள் சோறுகூடக் கேட்கவில்லை; வடித்த கஞ்சியைத்தான் கேட்டார்கள். உணவு நிறைந்த கடைகளின் முன்னாலேயே செத்து விழுந்தார்கள், ஆனால் கடைகளைச் சூறையாடவில்லை என்கிறார் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென். பட்டினி கிடந்த உடம்புக்குக் கலகம் செய்யத் தெம்பு ஏது?

● அதே கல்கத்தாவில் 1946 ஆகஸ்டில் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அந்தத் தீயை மூட்டியது மதத்தை வைத்து நடந்த அரசியல்.

● அமெரிக்காவில் 1933-ல் நாலு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை. வேலையில்லாத் திண்டாட்டம் அந்தப் பத்தாண்டு முழுக்கத் தீரவில்லை. கொலை விகிதமோ 1933-க்குப் பிறகு இறங்கியது. வேலையும் வருமானமும் பெருகிய 1960-களில்தான் கொலைகள் ஏறின.

● 1918 ஜூலையில் ஜப்பானின் உவோசு கடற்கரையில் மீனவப் பெண்கள் திரண்டு, அரிசியைக் கப்பலில் ஏற்றவிடாமல் மறித்தார்கள். தங்களுக்கு விலை எட்டாத அரிசி கண்ணெதிரே ஊரைவிட்டுப் போவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. கலவரம் நாடெங்கும் பரவி, செப்டம்பரில் பிரதமர் தெராவுச்சி பதவி விலகினார்.

● தென்னாப்பிரிக்காவின் தனிநபர் வருமானம் இந்தியாவைப் போல இரு மடங்குக்கும் மேல். மக்கள்தொகைக் கணக்கில் கொலைகளோ 10 மடங்குக்கும் மேல்! உலகிலேயே ஏற்றத்தாழ்வு மிக அதிகமுள்ள நாடுகளில் அது ஒன்று. இல்லாமையைவிட, பக்கத்திலேயே கொழிக்கும் செல்வம்தான் அதிகம் சுடுகிறது.

● இலங்கையில் 2022-ல் சமையல் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஜூலை 9-ல் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தவர்கள், அங்கே கிடைத்த சுமார் 1 கோடியே 78 லட்சம் ரூபாயை எண்ணிப் போலீசிடம் ஒப்படைத்தார்கள். அன்றிரவே பிரதமரின் சொந்த வீடு எரிக்கப்பட்டதும் உண்மை. ஒரே நெருக்கடி; இரண்டு விதமான கைகள்.

● அமர்த்தியா சென் சுமார் 10 வயதுச் சிறுவனாக இருந்தபோது நடந்தது இது. டாக்காவில் அவர் வீட்டுத் தோட்டத்துக்குள் கத்திக்குத்துப்பட்ட ஒரு கூலித்தொழிலாளி ரத்தம் ஒழுக ஓடிவந்தார். மதக் கலவர நேரத்தில் போகாதீர்கள் என்று மனைவி தடுத்தும், வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லாததால் வேலை தேடி வந்தவர் அவர்; பிழைக்கவில்லை. ஏழைதான் கத்தி எடுப்பான் என்று சொல்லும் முன் அந்த மனிதரை நினைத்துக்கொள்வோம். வறுமை அவரைக் கத்திக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தியது.