பாய் தைக்க ஆள் வேண்டும்

காதர்பேட்டைக் கடைகளில் தொங்குகிற பனியனிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் குழந்தை உடுப்பு வரை, உடம்பில் போட்டுக்கொள்ளும் எதையும் திருப்பூர் தைத்துவிடும். காற்றைப் பிடிக்கும் துணியின் பக்கம் மட்டும் நம்முடைய கவனம் போனதில்லை. இங்கிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரத்தில், பாக் விரிகுடாக் கரையில், கோயில் திருவிழா நெருங்கும்போது மீனவ ஊர்கள் தங்கள் கையாலேயே பாய் தைத்துக்கொள்கின்றன. துணி தெரிந்த ஊர் துணியால் பிழைக்கும் படகைப் பார்க்காமல் இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இராமநாதபுரம் மாவட்டத்தின் வடக்குக் கரையில் தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை என்று வரிசையாக மீனவ ஊர்கள். மீன்பிடிக்கப் போகும் நாட்டுப் படகில் இன்றைக்கு இன்ஜின்தான் ஓடுகிறது. பாய்மரம் விரிவது பெரும்பாலும் திருவிழாப் போட்டிக்கு. ஊருக்கு ஊர் படகுகள் வந்து வரிசை கட்டும். கடலுக்குள் குறித்த இடம் வரை போய், திரும்பிக் கரையைத் தொட வேண்டும். இன்ஜினுக்கு அங்கே வேலை இல்லை. காற்று, பாய், சுக்கான் பிடிப்பவரின் கணக்கு, படகை நிமிர்த்தி வைக்கும் ஆட்களின் உடம்பு, இவ்வளவுதான். கரையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் ஜல்லிக்கட்டு வாடிவாசல் தோற்றுப்போகும்.

அந்தக் கரையின் பழைய படகுக்கு வத்தை என்று பெயர். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அதற்கேற்ப அடி தட்டையாக இருக்கும். தட்டை அடிக்குத் தண்ணீரில் பிடிமானம் போதாது, பாயில் காற்று ஏறினால் படகு ஒரு பக்கம் சாயும். அதனால் குறுக்கே ஒரு நீளப் பலகையைப் போட்டு, அதன் முனை கடலுக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைப்பார்கள். காற்று கூடக் கூட ஆட்கள் அந்தப் பலகையில் வெளியே நகர்ந்து உட்காருவார்கள், காற்று தணிந்தால் உள்ளே வருவார்கள். சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியபோது இந்தப் பலகையைக் கவனித்து எழுதியிருக்கிறார். லூசி ப்ளூ, எரிக் கென்ட்லி, ஷான் மெக்ரெயில் ஆகியோர் வத்தை கட்டும் முறையை அளந்து, வரைந்து, 1998இல் ஆய்வாக வெளியிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து அளந்து போகுமளவுக்கு அதில் விஷயம் இருக்கிறது.

போட்டிக்குப் படகைத் தயார் செய்வது தனி ஆளால் ஆகிற காரியம் இல்லை. முதல் வேலை, படகைத் தண்ணீரிலிருந்து மேட்டுக்கு ஏற்றுவது. அடியில் உருளைக்கட்டை கொடுத்து, கயிறு கட்டி, குரல் கொடுத்து இழுக்க வேண்டும். மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் என்று நிற்கிறவர் எல்லாரும் கைகொடுப்பார்கள். இதற்குக் கூலி பேசும் வழக்கம் இல்லை. இன்றைக்கு இவர் படகு, நாளைக்கு அவர் படகு. டீயும் சாப்பாடும் படகுக்காரர் வீட்டுப் பொறுப்பு.

ஏறிய படகின் அடியில் பாசியும் சிப்பியும் அப்பியிருக்கும். அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் எவ்வளவு நல்ல பாய் கட்டினாலும் படகு ஓடாது. மரத்தைத் துளைக்கும் புழு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். ஓட்டை விழுந்த இடத்தில் சத்தம் வேறு மாதிரி வரும். அடுத்தது கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் கெட்டித்து உள்ளே இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய கலவையைப் பூசி அடைக்கும் வேலை. இந்த இடத்தில் நம்மூர்க்காரர் யாரும் கொஞ்சம் நின்று பார்ப்பார். ஏன் பஞ்சு? நனைந்தால் பஞ்சு நார் ஊதும். அதோடு, பருத்திக்கு நனைந்தபோதுதான் பலம் கூடுதல். படகு தண்ணீரில் இறங்கியதும் மரமும் ஊதும், இடுக்கில் இருக்கும் பஞ்சும் ஊதும், இரண்டும் ஒன்றையொன்று நெருக்கித் தண்ணீர் வழியை அடைத்துவிடும். சாயப்பட்டறையிலும் காம்பேக்டிங்கிலும் நாம் நாள்தோறும் மல்லுக்கட்டும் அதே குணம், அங்கே உயிரைக் காப்பாற்றுகிறது.

பாய்க்கு வருவோம். தையல் தெரிந்தவர்களுக்கு இதுதான் ருசியான பகுதி.

பின்னல் துணியில் பாய் தைக்க முடியாது. கண்ணி கண்ணியாகக் கோத்த துணி இழுத்த பக்கமெல்லாம் கொடுக்கும். உடம்புக்கு அது சுகம், காற்றுக்கு அது ஓட்டை. பாய்க்கு வேண்டியது தறியில் நெய்த, நெருக்கமான, இழுத்தால் அசையாத துணி. பல்லடத்திலும் சோமனூரிலும் ஓடும் விசைத்தறிகளின் உலகம் அது. நெய்த துணியும் பாவின் போக்கில் நிற்கும், ஊடையின் போக்கில் நிற்கும், மூலைவாட்டில் இழுத்தால் மட்டும் நீண்டுவிடும். அதனால் பாயின் எந்த ஓரத்தில் காற்றின் இழுப்பு அதிகமோ, அந்த ஓரத்தோடு நூலோட்டம் ஓடும்படி துணியை வெட்ட வேண்டும். ஒரு கட்டிங் மாஸ்டருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் சட்டை கழுத்தில் செய்வதைப் பாயில் செய்கிறார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தட்டையான பாய் ஓடாது; காற்று நிறைந்ததும் அளவான வயிறு விழ வேண்டும். பட்டை பட்டையாகத் துணியை இணைக்கும்போது ஓரங்களை நேர்கோட்டில் வெட்டாமல் லேசான வளைவில் வெட்டித் தைத்தால் அந்த வயிறு கிடைக்கும். வயிறு கூடினால் காற்றுக்கு எதிராக ஏற முடியாது, குறைந்தால் மெல்லிய காற்றில் படகு நகராது. விரல் அகல வித்தியாசம் போட்டியின் முடிவை மாற்றிவிடும்.

தையலிலும் அப்படித்தான். நேர்த்தையல் போட்டால், துணி கொஞ்சம் அசைந்ததும் நூல் தெறித்துவிடும். அதனால் உலகெங்கும் பாய் தைப்பவர்கள் ஜிக்ஜாக் தையல் போடுகிறார்கள், இழுப்புக்கு அது இடம் கொடுக்கும். நாம் பனியனுக்குப் போடுவது முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி. கண்ணியை அறுக்காமல் விலக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக. பாய்க்குக் கூர் முனையுள்ள தடித்த ஊசி வேண்டும், ஏனென்றால் மூலைகளில் துணி நாலைந்து மடிப்பாக வரும். ஓரத்தில் கயிறு வைத்துத் தைப்பார்கள். வெயிலும் உப்பும் பருத்தி நூலைச் சீக்கிரம் தின்றுவிடும். 1941இல் வின்ஃபீல்டும் டிக்சனும் இங்கிலாந்தில் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். 1950களிலிருந்து உலகப் பாய்மரப் படகுகள் பருத்தியை விட்டு அதற்கு மாறின. அந்த இழையைக் கோன் கோனாக ஓட்டும் ஊர் நம்முடையது.

கடல் ஏறும் காலத்துக்கு முன் கலத்தைக் கூடித் தயார் செய்வது உலகம் முழுக்க உள்ள பழக்கம். ஹவாயில் 1975இல் கடலில் இறங்கிய ஹோக்குலேயா என்ற பாய்மரக் கலம், 2014இல் உலகைச் சுற்றப் புறப்படுவதற்கு முன் கரையில் ஏற்றிப் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டது. தேய்த்தல், பூச்சு, கயிறு கட்டுதல் என்று அதில் உழைத்தவர்களில் பெரும்பகுதி தன்னார்வலர்கள். கப்பலை அறியாதவர்கள்கூட வந்து தேய்ப்புத்தாளைக் கையில் எடுத்தார்கள். நம் கண்ணுக்கு முன்னால் நடந்தது கௌண்டின்யா என்ற கப்பலின் கதை. அஜந்தா ஓவியத்தில் இருக்கும் கப்பலைப் பார்த்து, ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் பலகையைத் தைத்துக் கட்டினார்கள். பாபு சங்கரன் தலைமையில் கேரளக் கைவினைஞர்கள் தைத்தார்கள். மாதிரியைத் தண்ணீரில் ஓட்டிச் சோதித்தது சென்னை ஐ.ஐ.டி. 2025 மே மாதம் கடற்படையில் சேர்ந்த அந்தக் கப்பல், டிசம்பர் கடைசியில் போர்பந்தரில் புறப்பட்டு, இன்ஜின் இல்லாமல் 2026 ஜனவரியில் மஸ்கட் சேர்ந்தது.

அதற்கும் வெகுகாலத்துக்கு முன்னால், பாக் நீரிணையின் எதிர்க்கரையில், இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், 1938 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. வாங்கியவர் அமெரிக்க மாலுமி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். ஓட்டிப் போனவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழர்கள். பாய் இழுத்து அட்லாண்டிக்கைத் தாண்டிய கைகள் அவை. அந்தக் கைகளின் உறவுக்காரக் கலைதான் தொண்டிக் கரையில் வருஷத்துக்குச் சில நாள் மட்டும் மூச்சுவிடுகிறது.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சும்மா கைகொடுக்கும் பழக்கம் திருப்பூருக்குப் புதிதில்லை. 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ காய்ந்த காடுமேடெல்லாம் மரம் நட்டிருக்கிறது. நஞ்சராயன் குளம் 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததற்குப் பின்னால், அதன் கரையில் பறவை எண்ணிக்கொண்டு நடந்த உள்ளூர்க்காரர்களின் அக்கறையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கத் தயங்காத ஊர் இது. ஆனால் இந்த ஊரிடம் உள்ள பெரிய செல்வத்தை, தையல் கையை, இன்னும் இப்படி யாரும் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன். ஒரு திருவிழாவுக்கு ஒரு ஊரின் படகுகளுக்குப் பாய் தைத்துக் கொடுப்போம். அங்கே போய் நாம் பாடம் நடத்த வேண்டாம். பாயின் வடிவம் அவர்களுக்குத்தான் தெரியும். பழைய பாயைப் பிரித்துப் போட்டு அவர்கள் அளவு சொல்ல, நம் கட்டிங் மாஸ்டர் சாக்பீஸால் கோடு போடட்டும். பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் நெருக்கமான துணி நெய்து தரட்டும். ஜிக்ஜாக் மெஷின் இரண்டு, தடித்த ஊசி, பாலியெஸ்டர் நூல், எடுத்துப்போக ஒரு டெம்போ இருந்தால் வேலை நடக்கும். துணியை விரிக்க ஊர்ப் பள்ளிக்கூட மைதானமோ கோயில் மண்டபமோ போதும். தைத்ததும் கடலில் விரித்துப் பார்த்து, வயிறு சரியில்லை என்று அவர்கள் சொன்னால் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். சாம்பிளை பையர் திருப்பி அனுப்பினால் முகம் சுளிக்காமல் மாற்றித் தைக்கிறோமே, அந்தப் பொறுமை இங்கே எல்லாருக்கும் இருக்கிறது.

காலம் மட்டும் பார்த்து வைக்க வேண்டும். தீபாவளிக்கு முன் நம்மிடம் ஆள் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே வாடைக்காற்றும் மழையும் கடலைக் கலக்கும். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. நாட்டுப் படகுக்குத் தடை இல்லை, ஆனாலும் அந்தக் கோடையில் கரையில் கூட்டம் அதிகம், படகு பழுது பார்ப்பவரும் பக்கத்தில் இருப்பார். தை மாதத்தில், பொங்கல் விடுமுறையில் பனியன் கம்பெனிகள் ஓய்ந்திருக்கும்போது முதலில் ஒரு தடவை போய் ஊர்த் தலைவர்களைப் பார்த்துப் பேசி, பழைய பாய் ஒன்றை அளந்து வரலாம். மாசி, பங்குனியில் துணி வெட்டித் தைத்துவிட்டால், அடுத்து எந்த ஊரில் கொடியேறுகிறதோ அந்த ஊர்ப் படகில் ஏற்றிவிடலாம்.