புதுப்பொறியும் பழைய இலிகிதரும்

கந்தோர் ஒன்றிற் புதிய கணினி முறை புகுத்தப்படும்போது மாறுவது யாது என்று வினவினால், பேரேடு போய்த் திரை வருகின்றது என்று விடை கூறுவோர் பலர். அவ்விடை பாதி உண்மையே. பேரேட்டைப் பேணிய இலிகிதர் தம் கணக்கில் ஐந்து ரூபா பிழைக்குமாயின், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் அப்பிழை புகுந்திருக்கும் என்று ஊகிக்க வல்லவர். கூட்டிய கை அவருடையது. ஓரத்தில் இட்ட பென்சிற் குறியும் அவருடையதே. புதிய முறை வந்த நாளில் இவ்வாற்றல் அவரை விட்டு நீங்குகின்றது. பொறி கூட்டுகின்றது, எவ்வாறு கூட்டிற்று என்பதை அவர் அறியார். ஆயினும் கணக்குக்குப் பொறுப்பாளி இன்னும் அவரே. இருபது ஆண்டு சேவையுடைய ஒருவர் அத்திரையின் முன் தயங்கி நிற்பாராயின், அதனை முதுமையின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. தாம் எதனை இழக்கின்றார் என்பதை, அம்முறையை விலைக்கு வாங்கிய மேலதிகாரியைக் காட்டிலும் அவர் நன்கு அறிவார்.

ஆகவே, புதிய முறைக்கு ஊழியரைப் பழக்குதல் என்பது விசைகளை அழுத்தக் கற்பிப்பது மாத்திரமன்று. தம் கணக்கைத் தாமே சோதித்து அறியும் வலிமையை வேறொரு வடிவில் அவருக்கு மீட்டுக் கொடுப்பதே அதன் சாரம். இதனை விளக்க இங்கிலாந்து தேசத்தின் வரலாறுகள் இரண்டு போதும். முன்னையது பலரும் கேட்டறியாதது. பின்னையது அண்மைக் காலத்தில் உலகெங்கும் பேசப்பட்டது. இரண்டுக்கும் இடையே ஒரு வமிச உறவும் உண்டு.

வர்த்தகக் கருமங்களுக்கென உலகில் முதன்முதல் இயங்கிய கணினியை அமைத்தோர் இயந்திரம் விற்ற கம்பனியார் அல்லர். தேநீரும் பணிசும் விற்றவர்கள். ஜே. லயன்ஸ் கம்பனி என்னும் அந்நிறுவனம் இலண்டனிலும் பிற நகரங்களிலும் ஏறத்தாழ இருநூறு தேநீர்ச்சாலைகளை நடத்திற்று. விற்பனை எண்ணிறந்தது, ஒவ்வொரு விற்பனையிலும் கிடைத்த இலாபமோ ஒரு பென்னியின் சிறு கூறு. கணக்கெழுதும் செலவே அவ்விலாபத்தை விழுங்கிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு எப்பொழுதும் இருந்தது. ஜோன் சிமன்ஸ் என்ற கணித பட்டதாரியை 1923இல் வேலைக்கமர்த்திய அக்கம்பனியார், கந்தோர் வேலையை எவ்வாறு எளிமையாக்கலாம் என ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவை நிறுவியிருந்தனர். எந்தப் படிவம் யார் கையில் பிறக்கின்றது, எங்கே செல்கின்றது, எவருக்குப் பயன்படுகின்றது என்பதெல்லாம், கணினி என்ற சொல் வழங்குவதற்கு முன்னரே அங்கு ஆராயப்பட்டிருந்தன.

1947இல் அக்கம்பனியின் உத்தியோகத்தர் இருவர் அமெரிக்கா சென்று மின்னணுப் பொறிகளைக் கண்டு வந்தனர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலும் அத்தகைய பொறியொன்று உருவாகின்றது என்பதை அங்கேதான் அறிந்தனர். கம்பனி அச்சர்வகலாசாலைக்கு 3,000 பவுண் உதவிற்று. 1949இல் அப்பொறி இயங்கியதும் அதனைப் பின்பற்றித் தனக்கென ஒன்றை அமைத்துக்கொண்டது. 'லயன்ஸ் மின்னணுக் கந்தோர்' என்னும் பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து அதனை லியோ என்றழைத்தனர். ஏறத்தாழ 6,000 வால்வுகளும் இரசம் நிரம்பிய குழாய்களும் கொண்ட அப்பொறி, 1951 நவம்பரில் வெதுப்பகக் கணக்கை ஒழுங்காகச் செய்யத் தொடங்கிற்று.

இங்குக் கவனித்தற்குரியது பொறியின் பருமனன்று. அது தேநீர்ச்சாலைகளின் கருமத்தில் நுழைந்த விதமாகும். ஒவ்வொரு சாலையின் முகாமையாளப் பெண்மணியும் மறுநாளைக்கு எத்தனை பணிஸ், எத்தனை கேக், எத்தனை இறைச்சிப் பை வேண்டும் என்று நாள்தோறும் நீண்ட படிவங்களை நிரப்பி அனுப்ப வேண்டியிருந்தது. லியோவுக்கு ஏற்ற தரவு வேண்டுமென்று அப்பெண்மணிகளைத் துளையட்டை குத்தப் பழக்கியிருக்கலாம். அல்லது இன்னும் நுணுக்கமான படிவமொன்றை அவர்கள்மேற் சுமத்தியிருக்கலாம். திட்டத்தை வகுத்த டேவிட் கமினரும் அவர் குழுவினரும் அவ்வாறு செய்திலர். திங்கட்கிழமைத் தேவை ஏறத்தாழ முந்திய திங்கட்கிழமைத் தேவையை ஒத்ததே என்பதை அவர்கள் கண்டனர். எனவே கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு சாலைக்கும் ஒரு வழமைக் கட்டளை வகுக்கப்பட்டது. குறித்த நேரத்திலே தலைமையகப் பெண்ணொருத்தி தொலைபேசியிற் பேசுவாள்; முகாமையாளர் வழமையிலிருந்து மாறுபடும் தொகையை மாத்திரம் சொல்வார்; காதில் ஒலிவாங்கியுடன் அமர்ந்திருக்கும் அப்பெண் கேட்டவாறே அட்டையில் துளையிடுவாள். 1954இல் இம்முறை நடைமுறைக்கு வந்தபோது முகாமையாளர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது மிகக் குறைவு; நிரப்ப வேண்டியிருந்த தாள்களோ ஒழிந்தன. மழை வருமென்று தோன்றினால் ஐஸ்கிறீமைக் குறைப்பதும், அயலிலே விழா நடந்தால் பணிசைக் கூட்டுவதுமாகிய அவர்களுடைய அறிவு அவர்களிடமே நின்றது.

சம்பளக் கணக்கிலும் அதே நிதானம் காட்டப்பட்டது. ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணிக்க அனுபவமிக்க இலிகிதருக்கு 8 நிமிடம் சென்றது. லியோவுக்கு ஒன்றரை விநாடி. இத்தகைய வேகத்தைக் கண்டவர் மறுவாரமே பழைய ஏடுகளை மூடச் சொல்லியிருத்தல் இயல்பு. லயன்ஸ் கம்பனியார் பழைய முறையையும் புதிய முறையையும் அருகருகே நடத்தினர். பொறியின் விடையை இலிகிதரின் விடையோடு ஒப்பிட்டனர். 1954 பெப்ரவரியிலேதான் சம்பள வேலையைப் பொறியிடம் முழுமையாக ஒப்படைத்தனர். அன்றியும், பொறிக்கு வேலைத்திட்டம் எழுதுவோரைத் தங்கள் கந்தோர்களிலிருந்தே தேடினர். விரும்பிய ஊழியருக்கு ஒரு வார வகுப்பு நடத்தித் தகுதியுடையோரைத் தெரிந்தெடுத்தனர். வர்த்தகக் கணினித்துறையின் முதற் பெண் திட்டவரைஞர் எனப் போற்றப்படும் மேரி கூம்ஸ் அவ்வழியில் வந்தவரே.

இனி அந்த வமிசம். லியோக் கணினிகளைச் செய்து விற்ற பிரிவு 1963இல் இங்கிலிஷ் எலெக்றிக் கம்பனியின் கணினிப் பிரிவோடு இணைந்தது. அது 1968இல் ஐ.சி.எல். என்னும் பெருநிறுவனத்துட் கலந்தது. பிரித்தானிய அஞ்சற்றுறையும் லியோ இனத்துப் பொறிகளை வாங்கி 1981 வரை இயக்கிற்று. பின்னர் ஐ.சி.எல். நிறுவனம் யப்பானிய ஃபுஜிட்சுவின் கைக்கு மாறியது. அந்நிறுவனமே பிரித்தானியத் தபாற்கந்தோர்களுக்கென 'ஹொரைசன்' என்னும் கணக்குமுறையை அமைத்து, 1999 தொடக்கம் நாடெங்கும் பொருத்திற்று. குருதி ஒன்றே, குணம் வேறாயிற்று.

பிரித்தானியாவின் தபாற்கந்தோர்களிற் பெரும்பாலானவற்றை உப தபாலதிபர்களே நடத்துகின்றனர். அவர்கள் சம்பள ஊழியர் அல்லர். பெட்டிக்கடையோடு சேர்த்துத் தபாற் கருமத்தையும் ஒப்பந்தத்தின்படி செய்வோர். கணினியைத் தொட்டறியாத முதியோரும் அவர்களுள் இருந்தனர். அவர்களுக்குக் கிடைத்த வகுப்பு ஏறத்தாழ ஒன்றரை நாள். முத்திரை விற்பதும் ஓய்வூதியம் கொடுப்பதும் ஒருவாறு கற்றுக்கொள்ளத்தக்கவை. வாரந்தோறும் புதன்கிழமை மாலையிற் காசுக்கணக்கை முடித்துச் சமப்படுத்துவதே இடர். கணக்குச் சமப்படாதபோது செய்வது யாது என்பதில் வகுப்பு போதிய உதவி தரவில்லை என்று பலரும் பின்னர்ச் சாட்சியம் கூறினர். வருகை இடாப்பில் ஒப்பமிட்டவர் கற்றுத் தேறிவிட்டார் என்று கருதுவது பள்ளிக்கூடத்தில் எவரும் செய்யத் துணியாத காரியம். பெரிய நிறுவனங்களோ அதனை நாள்தோறும் செய்கின்றன.

ஹம்ஷயரில் ஒரு கிராமத்துத் தபாற்கந்தோரை நடத்திய ஜோ ஹமில்ற்றன் என்னும் பெண்மணியின் கணக்கில் ஒருநாள் 2,000 பவுண் குறைந்தது. அவர் உதவித் தொலைபேசியை நாடினார். மறுமுனையிலிருந்து சொல்லப்பட்டவாறே விசைகளை அழுத்தினார். குறை அவர் கண்ணெதிரே 4,000 பவுண் ஆயிற்று. ஒப்பந்தத்தின்படி குறையை ஈடுசெய்யும் கடமை அவருக்கே என்று கூறப்பட்டது. இவ்வகை இடர் உங்களுக்கு மாத்திரமே நேர்ந்துள்ளது என்ற விடை, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அழைத்த பலருக்கு ஒரேவாறு கிடைத்தது. ஹமில்ற்றன் மீது திருட்டுக் குற்றமும் சாட்டப்பட்டது. சிறையைத் தவிர்ப்பதற்காகப் பொய்க்கணக்குக் காட்டியதாக அவர் ஒப்புக்கொண்டார். ஊரவர் பணம் திரட்டி அவருக்குத் துணைநின்றனர்.

அந்நாட்டுச் சட்டமும் இத்துன்பத்துக்கு உடந்தையாயிற்று. கணினி செவ்வனே இயங்கியது என்பதை வழக்குத் தொடுப்போர் முதலில் நிறுவவேண்டும் என்றிருந்த விதி 1999இன் சட்டமொன்றால் நீக்கப்பட்டது. அதன்பின், பொறி சரியாகவே இயங்கியது என நீதிமன்றம் கொள்ளலாயிற்று. பிழையுண்டென்று காட்டும் பாரம் கிராமத்துக் கடைக்காரர்மேல் விழுந்தது. பொறியின் உள்ளே நடந்ததைக் காணும் வழி அவருக்கு ஏது? 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் இவ்வாறு குற்றவாளிகளாக்கப்பட்டனர். வேல்சிற் கந்தோர் நடத்திய அலன் பேற்ஸ், தாம் சோதித்தறிய இயலாத கணக்குக்குப் பொறுப்பேற்க மறுத்தமையால் 2003இல் ஒப்பந்தத்தை இழந்தார். அவர் உட்பட 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், ஹொரைசனிற் கணக்கைப் பிழைபடுத்தவல்ல குறைபாடுகள் இருந்தன என்றும், ஃபுஜிட்சுவின் உத்தியோகத்தர் தூரத்திலிருந்தே கிளைக் கணக்குகளை மாற்ற வல்லவராயிருந்தனர் என்றும் 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் தீர்த்தார். 2021 ஏப்ரலில் ஹமில்ற்றன் உட்பட 39 பேரின் தண்டனைகளை மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கிற்று. எஞ்சியோருக்காக 2024 மே மாதத்தில் பாராளுமன்றமே சட்டம் இயற்றிற்று. குறைந்தது 13 பேர் இத்துயரினால் உயிர் மாய்த்திருக்கக்கூடும் என்று 2025 யூலையில் வெளியான பொது விசாரணை அறிக்கை கூறுகின்றது.

இத்துணைக் கொடுமை எல்லாக் கந்தோரிலும் நேர்வதில்லை. எனினும் அதன் வித்து எங்கும் உண்டு. புதிய சம்பள முறையோ களஞ்சிய முறையோ வருமிடத்தில், ஊழியர் ஒருவர் கணக்கு ஒவ்வவில்லை என்பார். நீர் பிழையாக அழுத்தியிருப்பீர் என்ற விடை ஆயத்தமாக இருக்கும். இருமுறை அவ்விடையைக் கேட்டவர் மூன்றாமுறை வினாவுவதில்லை. தமக்குள்ளே ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு பழைய முறையிற் கணக்கெழுதி, திரையிற் காண்பதை அதற்கேற்பத் திருத்திவிடுவார். புதிய முறை இனிது நடக்கின்றது என்று மேலிடத்துக்கு அறிக்கை போகும்.

இதனைத் தவிர்க்க விரும்பும் திணைக்களத் தலைவர், வகுப்புக்குப் பழகும் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டியது மென்பொருள் விற்பவர் கொணரும் மாதிரிக் கணக்கையன்று. அவ்வூழியரே சென்ற மாதம் கையால் முடித்த கணக்கை. விடையை அவர் முன்னமே அறிவார். பொறியும் அதே விடையைத் தருமாயின் ஐயம் தானே தணியும். தராவிடின், வேறுபாடு எங்கே தோன்றிற்று என்று தேடுகையிற் பொறியின் போக்கு அவருக்கு விளங்கிவிடும். வகுப்பில் முதல் மணித்தியாலத்தை விற்பனைப் பதிவுக்குக் கொடுத்துவிட்டு மாத இறுதிக்கு நேரமில்லை என்று கலைவது வழமை. நேரம் குறைவாயின் முதலிற் கற்பிக்க வேண்டியது மாத இறுதியையே. பழையதும் புதியதும் அருகருகே நடக்கும் காலத்தில் ஊழியருக்கு வேலை இரட்டிக்கும். அதற்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வேண்டும். அப்பணத்தை மீதப்படுத்துவது நல்ல சிக்கனமன்று. ஒவ்வொரு கிளையிலும் பொறுமையுள்ள ஒருவரை முன்னதாகப் பயிற்றி வைத்தல் நன்று. அவர் மிக விரைவாகக் கற்றவராக இருத்தல் அவசியமன்று. விரைந்து கற்றவர் விரைந்து விசையை அழுத்திக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

யாவற்றிலும் மேலாக, வினாக்களை எழுதிவைத்து எண்ணுதல் வேண்டும். ஒரே வினா ஐந்து கிளைகளிலிருந்து வருமாயின், ஐந்து ஊழியரும் மூடர் என்று கொள்வதைவிட முறையில் ஓட்டையுண்டு என்று கொள்வது அறிவுடைமை. 2015 ஒக்டோபரில் ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்ரன் என்னும் ஊரில், தபாலதிபர் ஒருவர் தம் வெளிக்கிளைக்கு 8,000 பவுண் அனுப்பியதைப் பதிவுசெய்ய முற்பட்டார். விசையை அழுத்திய பின்னரும் திரை மாறாது நின்றமையால் மீண்டும் மீண்டும் அழுத்தினார். பொறி அதனை நான்கு முறை பதிந்துகொண்டது; கணக்கில் 24,000 பவுண் குறை தோன்றிற்று. பின்னர் ஃபுஜிட்சு பழைய பதிவுகளைத் துருவியபோது, அதே பிழை முந்திய ஐந்து ஆண்டுகளில் 88 கிளைகளில் 112 முறை நேர்ந்திருந்தமை தெரியவந்தது. அவற்றுட் பெரும்பாலானவை ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டிருந்தன. அவற்றின் மூலகாரணமோ அதுவரை கண்டறியப்படவில்லை.