நான்காம் மாடிக்கு வந்த சாப்பாடு
தொடர் - 9

சட்டம் வந்துவிட்டால் உரிமை கைக்கு வந்துவிட்டதாக நினைக்கிறோம். அமெரிக்க மாற்றுத்திறனாளிகளுக்கு 1973-இல் ஒரு சட்டம் கிடைத்தது. மத்திய அரசின் நிதி வாங்கும் பள்ளியோ மருத்துவமனையோ, உடல் குறையைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது அதன் 504-ஆம் பிரிவு. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அதிபர் நிக்சன் போய், ஃபோர்டு போய், கார்ட்டரும் வந்தாயிற்று. கையெழுத்துப் போட வேண்டிய சுகாதாரம், கல்வி, நலத் துறையின் செயலர் ஜோசப் கலிஃபானோ, விதிகளை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்றார். நீர்த்துப்போன விதிகள்தான் வெளியே வரும் என்று மாற்றுத்திறனாளிகள் அஞ்சினார்கள். அஞ்சியதில் நியாயம் இருந்தது.

1977 ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் அந்தத் துறையின் அலுவலகங்களுக்குள் போய் உட்கார்ந்தார்கள். வாஷிங்டனில் உள்ளே சாப்பாடு போக விடவில்லை. இரண்டாம் நாளே கலைய வேண்டியதாயிற்று. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நான்காம் மாடியை விட்டு நகரவில்லை.

அங்கே இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவரை இரவில் யாராவது புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். உதவியாளர் இல்லாமல் வந்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்களே கை கொடுத்தார்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளுக்காக, ஏர்கண்டிஷனர் மேல் ஒரு பெட்டியை டேப் போட்டு ஒட்டிக் குளிர்பெட்டியாக்கினார்கள். தொலைபேசி இணைப்பைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று, கீழே இருந்தவர்களோடு சைகை மொழியில் பேசினார்கள்.

சாப்பாட்டுக்கு வழி செய்தது, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சி. உள்ளே இருந்தவர்களில் பிராட் லோமாக்ஸ் அந்தக் கட்சிக்காரர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். உதவியாளர் சக் ஜாக்சனும் அவரோடு தங்கியிருந்தார். தோழர்கள் இருவருக்கு மட்டும் சமைத்து அனுப்பியிருந்தாலே கட்சியின் கடமை முடிந்திருக்கும். அவர்கள் ஓக்லாந்திலிருந்து வளைகுடாவைத் தாண்டி, தினமும் எல்லோருக்கும் சுடச்சுடக் கொண்டுவந்தார்கள்.

இதெல்லாம் தற்செயலாக அமைந்ததில்லை. ஜூடி ஹியூமன் போராட்டத்தின் குரல் என்றால், அதன் அஸ்திவாரம் கிட்டி கோன். தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்த அவரும் தோழர்களும் தொழிற்சங்கம், தேவாலயம், மனித உரிமை அமைப்பு என்று முன்கூட்டியே ஆதரவு திரட்டி வைத்திருந்தார்கள். பின்னர் ஒரு குழு வாஷிங்டன் போனபோது, சக்கர நாற்காலிகள் ஏறக்கூடிய பேருந்து அந்நகரில் இல்லை. இயந்திரத் தொழிலாளர் சங்கம் ஒரு லாரியை வாடகைக்கு எடுத்துத் தந்தது. ஜன்னலே இல்லாத அந்தப் பெட்டிக்குள் இருட்டில் உட்கார்ந்து போய்த்தான் கலிஃபானோவின் வீட்டு முன்னால் நின்றார்கள்.

ஏப்ரல் 28 அன்று கலிஃபானோ விதிகளில் கையெழுத்திட்டார். இரண்டு நாள் கழித்து நான்காம் மாடியிலிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். 1990-இல் வந்த விரிவான மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்த விதிகள் மேல்தான் எழுந்தது.

ஹியூமனின் பெயர் இன்று பலருக்குத் தெரியும். அடுப்படியில் நின்றவர்களின் பெயர்கள் அந்த அளவுக்கு வெளியே தெரியவில்லை. அது பெரிய குறை. நம் ஊரில் கலெக்டர் அலுவலக வாசலில் மாற்றுத்திறனாளிகள் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தால், வேடிக்கை பார்த்துவிட்டு நகராதீர்கள். பக்கத்தில் போய், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.

(தொடரும்)