வாசல் தொட்டி – 11: பாறையில் பிறந்த ஐரிஸ், சதுப்பில் பிறந்த ஐரிஸ்

ஐரிஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தாடி ஐரிஸ்தான். கீழே மடிந்து தொங்கும் மூன்று இதழ்களின் நடுவில் மஞ்சள் ரோமக்கோடு ஓடும் ஊதாப் பூ. 1889இல் பிரான்சின் சான் ரெமியில் வான்கா வரைந்தது அந்த வகையைத்தான். காஷ்மீரில் இதன் வெள்ளை உறவுக்காரியைக் கல்லறைகள் மேல் நட்டுவிட்டுப் போகிறார்கள், கவனிப்பாரில்லாமலே பூக்கிறது.

அதே தாடி ஐரிஸ் கிழங்கைச் சென்னையை அடுத்த படப்பையில் நட்டால் இலை வரும், பூ வராது. மொட்டு வைக்க அதற்கு வாரக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும். நமக்கோ தை மாத விடியலில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. குளிரை விட்டாலும் மழை விடாது. முதுகு வெயிலில் காய வேண்டும் என்று பாதிக் கிழங்கு வெளியே தெரியும்படி நடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது பாக்டீரியா தாக்கிக் கூழாகிவிடும். விரலால் அமுக்கினால் அமுங்கும், நாற்றம் குடலைப் பிரட்டும். இதைப் 'பிடிவாதக்காரச் செடி' என்பது நியாயமில்லை. கோடையில் காய்ந்து, குளிர்காலத்தில் உறைகிற பாறைச்சரிவு மண்ணுக்காக அமைந்த உடம்பு அது.

ஐரிஸில் ஏறத்தாழ 300 இனங்கள் இருக்கின்றன. நம் ஊர் வெயிலுக்குச் சம்மதிப்பதைத் தேடுவதுதான் முதல் வேலை. என் வாசலில் முதலிடம் ஐரிஸ் டொமெஸ்டிகாவுக்கு. பழைய தோட்டப் புத்தகங்களில் பெலம்காண்டா என்று இருக்கும். 1753இல் லின்னேயஸ் இதை ஆர்க்கிட் கூட்டத்தில் சேர்த்தார். பிறகு நெடுங்காலம் தனிப் பேரினமாக இருந்து, மரபணு ஆய்வுக்குப் பின் 2005இல்தான் ஐரிஸ் குடும்பத்தின் நடுவீட்டுக்குள் வந்தது. இலைகள் விசிறிபோல் ஒரே தளத்தில் அடுக்கியிருக்கும். ஆறு ஆரஞ்சு இதழ்கள், அவற்றின் மேல் ரத்தச் சிவப்புப் புள்ளிகள். காலையில் விரிந்த பூ, பிழிந்த ஈரத்துணி மாதிரி மாலையில் முறுக்கிக்கொள்ளும். மறுநாள் பக்கத்து மொட்டு. பிறகு காய் மூன்றாக வெடித்து ஓடு சுருண்டுபோக, உள்ளே பளபளவென்று கறுப்பு மணிகள் கொத்தாக நிற்கும். பூவைவிட எனக்கு அந்த மணிகள் மேல்தான் ஆசை அதிகம்.

அதற்கு வேண்டியது முழு வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும். செம்மண்ணில் ஆற்றுமணலைத் தாராளமாகச் சேர்த்து, மக்கிய தொழு உரம் கொஞ்சம். மழைக்காலத்தில் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்துவிட வேண்டும்.

நிழல் விழும் பக்கத்துக்கு நியோமாரிகா. பிரேசில் காட்டுச்செடி; அசல் ஐரிஸ் அல்ல, அதே குடும்பம். பூத்த தண்டின் நுனியில் குட்டிச்செடி முளைக்கும். பாரம் தாங்காமல் தண்டு சாய்ந்து, குட்டி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் பிடிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் லூசியானா ஐரிஸ்கள் டொமெஸ்டிகாவுக்கு நேர் எதிர். மிசிசிப்பி கழிமுகத்துச் சதுப்புகளில் பிறந்தவை. அடையாற்றின் தலைமாட்டு ஏரிகள் கிடக்கும் இந்த வட்டாரத்தில் வளரும் நமக்கு அவற்றின் குணம் புரியாமல் போகாது. அடியில் தண்ணீர் நிற்கும் தொட்டி அவற்றுக்குப் பிடிக்கும், சுண்ணாம்பு பிடிக்காது. கெட்டிலில் வெள்ளைப் படலம் கட்டும் போர் தண்ணீரை ஊற்றினால் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இரும்புச்சத்து ஏறவில்லை என்று அர்த்தம். கூரையில் விழும் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டு, இவற்றுக்கு மட்டும் அதை ஊற்றலாம். கத்திரி வெயிலில் இலை பழுத்து ஓய்ந்தால் செத்துவிட்டது என்று பிடுங்க வேண்டாம். வேரில் ஈரம் இருந்தால் போதும்.

டொமெஸ்டிகா விதை கிடைத்தவர்கள் அடைமழை ஓய்ந்ததும், மார்கழிக் கடைசியில் போடலாம். ஓரிரவு ஊறவைத்து, விரல்நுனி ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்க மூன்று வாரத்துக்கு மேலும் ஆகலாம்; அதுவரை மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள்.

(தொடரும்)