2602-ல் மலாயா

உட்காருங்கள் தம்பி, டீ சொல்லியிருக்கிறேன். ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. போர்க்காலத்தைப் பற்றி என்ன படிக்கலாம், அறிவியல் புனைவில் என்ன படிக்கலாம் என்று இரண்டு பட்டியல் கேட்டீர்கள். நான் ஒரே பட்டியலாகத் தருகிறேன். சமீபமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. நம் ஆட்கள் பட்ட போரைத் தெரிந்துகொண்டால், அறிவியல் புனைவு எதைக் கண்டு பயப்படுகிறது என்பது தானாக விளங்கிவிடும்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஊரின் பெயரை சியோனான் என்று மாற்றினார்கள். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே நகர்த்தி டோக்கியோ நேரத்துக்கு வைத்தார்கள். ஆண்டும் ஜப்பானியப் பேரரசுக் கணக்குக்கு மாறியது. 1942 என்பது 2602 ஆனது. வாழைமரப் படம் போட்ட நோட்டு புழக்கத்துக்கு வந்தது. 1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் அந்த நோட்டு வெறும் காகிதம். அதில் சேமித்து வைத்தவர்களின் பல வருஷ உழைப்பும் அதோடு போயிற்று. எவனாவது இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று தள்ளியிருப்போம். மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்த தமிழர்கள் இதற்குள்தான் மூன்றரை வருஷம் குடும்பம் நடத்தினார்கள்.

அந்தக் காலத்துக்குள் நுழைய ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுங்கள். சிங்கம்புணரிக்காரர். 1938-ல் பிழைப்புக்காக சுமத்ராவில் உள்ள மேடானுக்குப் போனவர், போர் முடிந்தபின் ஊர் திரும்பி மதுரை தினத்தந்தியில் வேலை பார்த்தார். எழுதி முடித்தும் பல வருஷம் காத்திருந்து, 1972-ல்தான் நாவல் புத்தகமானது. ஜப்பான் படை மேடானுக்குள் வரும் நாளில் கதை தொடங்குகிறது. செட்டியார்களின் வட்டிக்கடையில் அடுத்தாளாகவும் பெட்டியடிப் பையனாகவும் இருந்த இளைஞர்கள் நேதாஜியின் படையில் துப்பாக்கி தூக்குகிறார்கள். தேசபக்தி முழக்கம் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சரக்கு விலை, கப்பல் பேரம், சாராயக்கடைப் பேச்சு, நடுவில் மதுரைத் தெருக்களின் ஏக்கம் என்றுதான் போகும். மலாய்ச் சொற்கள் முதல் சில அத்தியாயங்களில் கொஞ்சம் தடுக்கும், நிற்காமல் போய்விடுங்கள். தமிழில் போரை இவ்வளவு அருகே நின்று எழுதிய நாவல் வேறு இல்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

அடுத்து சயாம் மரண ரயில். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். ஜப்பானியர் 1942-ல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் தண்டவாளத்தை இணைத்துவிட்டார்கள். அந்தக் காட்டில் அந்த வேகம் எப்படி வந்தது? ஆளைத் தின்றுதான் வந்தது. பிடிபட்ட நேசநாட்டுச் சிப்பாய்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு, ஹாலிவுட் படமும் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக மாண்டது ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் ஏராளமானோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். காலராவில் போனவர்களைக் கூட்டமாகப் புதைத்தார்கள், பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. மலேசியாவின் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்ற இரண்டு நாவல்களும் அந்தக் கூட்டத்துக்கு முகம் கொடுக்கின்றன. ஒரே மூச்சில் படிக்க முடியாது, விட்டு விட்டுப் படியுங்கள்.

நாவல் வேண்டாம், நேரில் பட்டவர் எழுதியது வேண்டும் என்றால் வெ. சாமிநாத சர்மாவின் 'பர்மா வழிநடைப் பயணம்'. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டுவழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள். சர்மாவும் மனைவியும் அவர்களில் இருந்தார்கள். பிளேட்டோவையும் ரூஸோவையும் தமிழுக்குக் கொண்டுவந்த மனிதர், எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று வீட்டுக்குள் திகைத்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். நம் நெய்வேலி வட்டாரத்திலும் சுரங்கத்துக்காக ஊரைக் கொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. குண்டுக்குப் பயந்து ஓடுவதும் இதுவும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஆனால் பிறந்த வீடு இனி இல்லை என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவற்றைப் படித்த கையோடு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைத் திறங்கள். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் இந்தியா. பெயர் இரண்டெழுத்துக்கு மேல் போகக்கூடாது, பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும், ஆயுளுக்கும் கெடு உண்டு. முன்பு படித்தபோது ஜீனோ என்ற இயந்திர நாயின் பேச்சுதான் எனக்கு மனதில் நின்றது. சியோனானைத் தெரிந்துகொண்டு படித்தபோது கதாநாயகி நிலாவின் பயம் நின்றது. மேலிருந்து ஓர் ஆணை வந்தால் பெயரும் நேரமும் கைப்பணமும் மாறிவிடும் என்பது நம் தாத்தாக்கள் காலத்திலேயே நடந்துவிட்ட சங்கதி. இயந்திரமும் கம்ப்யூட்டரும் இல்லாமலேயே நடந்தது.

வேறு தினுசாக வேண்டுமென்றால் ஜெயமோகனின் 'விசும்பு'. அறிவியல் சிறுகதைகள். சித்த மருத்துவம், ரசவாதம் என்று நம் மரபு அறிவையே அறிவியல் கேள்வியாக்கிப் பார்ப்பவை அவற்றில் உண்டு. எல்லாக் கதையும் ஒரே தரம் இல்லை. 'ஐந்தாவது மருந்து' ஒன்றுக்காகவே வாங்கலாம்.

முதலில் சர்மா. பிறகு சுஜாதா, அதற்குப் பிறகு சிங்காரம். மரண ரயில் நாவல்களை மழைக்காலத்தில் தொடங்காதீர்கள், மனம் கனத்துப்போகும். மலேசியப் புத்தகங்கள் இங்கே கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. லிக்னைட் ஹாலில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது கேட்டு வைப்போம். சர்மா என் வீட்டில் இருக்கிறது, ஷிப்ட் முடிந்து போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.