மாலைநேரக் காட்டுயிர் ஒளிப்படக்கலை

மாலைநேரக் காட்டுயிர் ஒளிப்படக்கலை என்பது, சூரியன் மறைவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பிருந்து அந்தி வெளிச்சம் அடங்கும் வரை, இயல்பான சூழலில் வாழும் விலங்குகளையும் பறவைகளையும் படம்பிடிப்பதாகும். காட்டுலா செல்லும் பொழுதுபோக்கு ஒளிப்படக்காரர்கள் மிகவும் விரும்பும் நேரம் இது. விலங்குகள் நீருக்கும் மேய்ச்சலுக்கும் வெளியே வருவதும், பறவைகள் கூடடைவதும் இதே நேரத்தில்தான். ஆகவே நல்ல படம் கிடைக்கும் வேளையும், உயிரினங்களுக்குத் தொந்தரவு கூடாத வேளையும் ஒன்றாகவே அமைகின்றன.

வரலாறு

காட்டுலாவைக் குறிக்கும் 'சஃபாரி' என்பது சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்று பொருள். அரபு மொழியிலிருந்து அங்குச் சென்றது. முதலில் ஆப்பிரிக்க வேட்டைப் பயணங்களுக்கு வழங்கிய இச்சொல், பின்னர் விலங்குகளைக் காணும் பயணங்களுக்கும் ஆகிவந்தது. இந்தியாவில் துப்பாக்கியை விட்டுக் கேமராவைக் கையில் எடுத்தவர்களில் வனத்துறை அலுவலர் எஃப். டபிள்யூ. சாம்பியன் குறிப்பிடத்தக்கவர். விலங்கின் கால் பட்டதும் தானே இயங்கும் கேமராவால் இவர் எடுத்த புலிப் படங்கள் 1927இல் நூலாக வெளிவந்தன.

தமிழ்நாட்டில் இக்கலையின் முன்னோடி மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர், முதுமலை உள்ளிட்ட காடுகளில் யானைகளையும் பிற விலங்குகளையும் படம்பிடித்தார். கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பினார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் இறக்கும் வரை இயற்கை பற்றிய பத்தி எழுதினார். 1970இல் பத்மசிறீ விருது பெற்றார். வண்ணம் இல்லாமலே விலங்கின் வடிவமும் நிற்கும் பாங்கும் எவ்வளவு பேசும் என்பதை இவருடைய படங்கள் காட்டுகின்றன. வண்ணம் மங்கும் அந்தி நேரத்தில் படம் எடுப்போர் முதலில் கற்க வேண்டிய பாடமும் இதுவே.

மாலை ஒளியின் இயல்பு

உச்சியில் இருக்கும் சூரியனின் ஒளி கடக்கும் காற்றைப் போல ஏறக்குறைய 38 மடங்கு காற்றைத் தொடுவானச் சூரியனின் ஒளி கடந்து வருகிறது. வழியில் நீல நிறம் பெரிதும் சிதறிவிட, சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. ஒளி சாய்வாக விழுவதால் புள்ளிமானின் முதுகு ஓரமும் காட்டெருதின் கொம்பும் பொன்கோடு இட்டதுபோல் மின்னும்.

இந்த ஒளி நீடிப்பதில்லை. தமிழ்நாட்டில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், மறைந்தபின் பயன்படக்கூடிய அந்தி வெளிச்சம் 21 முதல் 23 நிமிடமே இருக்கும். இலண்டன் போன்ற வடக்கு நகரங்களில் இது அரை மணிக்கும் மேல். வெளிநாட்டு வழிகாட்டி நூல்களைப் படித்துவிட்டு வருவோர் இங்கே நேரம் போதாமல் திணறுவது இதனால்தான்.

படமெடுக்கும் முறை

கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சமுள்ளதாகக் கருதியே அளக்கிறது. பிரகாசமான வானம் பின்னால் இருக்கும்போது அது ஒளியைக் குறைத்துவிடும். முன்னால் நிற்கும் விலங்கு கறுத்துப்போகும். இதைப் பிழை என்று எண்ணிப் பலர் வருந்துவர். ஆனால் இதுவே நிழலுருவப் படம். சூரியனுக்குப் பக்கத்து வானத்தை அளந்து, அந்த அளவிலேயே படம் எடுத்தால் வானத்தின் நிறம் கெடாமல் விலங்கின் கோட்டுருவம் தெளிவாக வரும்.

நிழலுருவத்தில் முகமும் தோலும் தெரியாது. வெளிக்கோடு ஒன்றே பேச வேண்டும். விலங்கு பக்கவாட்டில் திரும்பி, கால்கள் பிரிந்து, கொம்பு வானத்தில் தனித்துத் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். கோடியக்கரைப் புல்வெளியில் திருகிய கொம்புள்ள ஆண் வெளிமான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

நடக்கும் மானுக்கு 1/250 நொடியும், பறக்கும் கொக்குக்கு 1/1000 நொடியும் பொதுவாகப் போதுமான ஷட்டர் வேகங்கள். ஒளி குறையக் குறைய ஐஎஸ்ஓ அளவை உயர்த்த வேண்டும். வண்டியின் எஞ்சின் ஓடினால் அதிர்வில் படம் கலங்கும். அதை நிறுத்தச் சொல்லி, பயறு நிரப்பிய துணிப்பையின் மேல் கேமராவை வைத்தால் கை நடுக்கமும் குறையும். தொலைநோக்கு லென்சுடன் கூடிய கண்ணாடிவழிப் பார்வையில் சூரியனை நேராக நோக்கக் கூடாது. கண்ணுக்குத் தீங்கு விளையும்.

ஒழுக்கமும் சட்டமும்

வெளிச்சம் போகப்போக அவசரம் கூடும். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்று ஓட்டுநரை வற்புறுத்துவது, கூச்சலிட்டு விலங்கைத் திரும்பச் செய்வது, பிளாஷ் அடிப்பது ஆகியவை இந்தக் கடைசி நிமிடங்களில் நேரும் தவறுகள். மான், சிறுத்தை போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. மங்கிய ஒளிக்குப் பழகிய அக்கண்கள் திடீர் ஒளியில் கூசிவிடும். கிடைக்கும் படத்திலும் பச்சை நிறக் கண்கள்தான் மிஞ்சும்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்தில் விலங்குகளைச் சீண்டுவதைத் தடுக்கிறது. காட்டுப் பறவைகளின் கூட்டையோ முட்டையையோ குலைப்பதை அது வேட்டை என்றே வகைப்படுத்துகிறது. நிழலுருவப் படத்துக்கு நெருக்கம் தேவையில்லை. வானம் நிறையத் தெரியும் தூரமே நல்லது. விலங்கை விட்டு விலகி நிற்பவருக்கே நல்ல அந்திப் படம் வாய்க்கிறது.

பழகுவதற்கு ஏற்ற இடங்கள்

முதுமலைப் புலிகள் காப்பகத்தில் வனத்துறை வண்டியில் காட்டுலா செல்லலாம். வண்டியே வேண்டாத இடம் செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல். அங்கு ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களுக்கு, கார்த்திகை முதல் மாசி வரை மாலைதோறும் சங்குவளை நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் முதலியவை கூட்டமாகத் திரும்பும். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊரார் முறையிட்டதால் 1798இலேயே ஆட்சியர் லயோனல் பிளேசு பாதுகாப்பு ஆணை வழங்கிய ஏரி இது. 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

தொடக்கநிலை மாணவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் களமருதூர் போன்ற ஊர்களின் ஏரிக்கரையிலோ, கல்வராயன் மலையடிவாரத்துக் கோமுகி அணைப் பகுதியிலோ மாலையில் நின்றால், வரிசையாகக் கூடு திரும்பும் கொக்குகளைக் கொண்டே பழகலாம். கைபேசி கேமராவும் போதும். திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து, கொக்குகள் தாமாக வரும்வரை காத்திருக்க வேண்டும்.