வளவும் அரவும்



யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கோண்டாவில், இணுவில் ஆகிய ஊர்களைக் கடந்ததும் மருதனார்மடச் சந்தியை அடைவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 ஆம் ஆண்டில் நிறுவிய கல்லூரி, ஆஞ்சநேயர் கோயில், மரக்கறி மூடைகள் வந்து குவியும் சந்தை, வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் தோட்டங்கள் ஆகியவை அவ்வூரின் அடையாளங்கள். பெருங்காடு என்று சொல்லத்தக்கது அண்மையில் எங்கும் இல்லை. எனினும் மாரி மழை இரண்டொரு நாள் அடித்துப் பெய்ததும், "முற்றத்திலே பாம்பு!" என்னும் கூக்குரல் ஏதோவோர் ஒழுங்கையிலிருந்து எழாமற் போவதில்லை.

காடில்லாத ஊரிலே பாம்பு எங்கிருந்து வருகின்றது? விடை பெரும்பாலும் அடுத்த வளவிலேயே கிடக்கின்றது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிக்கும் அதற்கு அப்பாலும் பெயர்ந்தனர். 1996 இல் மீண்டு வந்தோர் தம் முற்றங்களிலே புல்லும் பற்றையும் வளர்ந்திருக்கக் கண்டனர். சிலர் மீளவேயில்லை, கடல் கடந்து குடியேறினர். இன்னும் வடக்கே, உயர்பாதுகாப்பு வலயத்துள் ஆண்டுக்கணக்காக அடைபட்டிருந்த காணிகள் 2009 இற்குப் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, வீடெது காடெது என்று தெரியாத நிலையிலேயே உரியவர் கைக்கு வந்தன. இன்றும் குடியிருக்கும் வளவு ஒன்றின் பக்கத்திலே ஆளில்லா வளவு ஒன்று இருப்பதைப் பல ஒழுங்கைகளிற் காணலாம். அந்த ஆளில்லா வளவே நமது காடு. பாம்புக்கு வேலி ஓர் எல்லையன்று.

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை. அது தேடுவன மூன்று: இரை, மறைவிடம், ஈரம். எலியும் தவளையும் அதற்கு இரை. வெங்காயக் கொட்டிலிலும் நெல் மூடையின் அருகிலும் கோழிக்கூட்டின் அடியிலும் எலி பெருகுமாயின், எலியைத் தொடர்ந்து பாம்பு வரும். அடுக்கி வைத்த விறகு, குவித்து வைத்த பொச்சுமட்டை, பழைய கிடுகு, பனைமட்டைக் கும்பி, முருகைக்கல் மதிலின் இடுக்கு ஆகியவை அதற்கு மறைவிடம். கிணற்றடி வாய்க்காலும் வாழைப்பாத்தியும் கோடையிலும் ஈரம் தரும். மாரி வெள்ளம் பொந்துகளை நிறைத்துவிட்டால், மேடான இடத்தை நாடி அது திண்ணைக்கும் வந்து சேரும். இதிலே பகையுமில்லை, பழிவாங்கலுமில்லை.

குடாநாட்டிலே உயிருக்கு ஊறு செய்யவல்ல தரைப்பாம்புகளாக நான்கினைக் கருத வேண்டும். முதலாவது, படமெடுக்கும் நாகம். இரண்டாவது, முதுகிலே கரிய நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலிபோல் மூன்று நிரையாக அமைந்த கண்ணாடிப் புடையன். கண்ணாடி விரியன் என்பதும் இதுவே. சினங்கொண்டால் உரத்துச் சீறும். மூன்றாவது, கருநீல மினுக்கமும் மெல்லிய வெண்கோடுகளுங் கொண்ட எட்டடி விரியன். நான்காவது, மணற்பாங்கான இடங்களில் வாழும் சுருட்டை விரியன். உருவிற் சிறியது, உடலின் செதில்களை ஒன்றோடொன்று உராய்ந்து அரம் இழுப்பது போன்ற ஒலி எழுப்பும்.

சாரை, கொம்பேறி மூக்கன், தண்ணீர்ப்பாம்பு ஆகியன மனித உயிருக்குக் கேடு விளைப்பன அல்ல. எலிகளைத் தின்று தோட்டக்காரனுக்குக் கூலியின்றி வேலை செய்யும் சாரையை நாகமென்று எண்ணி அடித்துவிடுகின்றோம். எட்டடி விரியனைப் போலவே வெண்கோடுகளுடைய நஞ்சற்ற பாம்பும் உண்டு. ஆகவே, "இது இன்ன பாம்பு; ஒன்றும் செய்யாது" என்று அரைகுறை வெளிச்சத்திலே துணிந்து கையிற் பிடித்தல் ஒருபோதும் ஆகாது. பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் விலகி நிற்றலே விதி.

இனி, வளவை எவ்வாறு காப்பது? நம் பாட்டிமார் விடியற்காலையில் முற்றம் பெருக்கிய வழக்கத்தை நினைவு கூருங்கள். இலை சருகு எதுவுமின்றி வெறுமையாகக் கிடக்கும் முற்றத்திலே ஊர்ந்து வருவதெதுவும் உடனே கண்ணிற்படும். மறைய இடமின்மையால் பாம்பும் அவ்விடத்தில் தங்குவதில்லை. அந்தப் பழைய விளக்குமாற்றுக்கு ஈடான காவல் வேறில்லை. வீட்டுச் சுவரைச் சுற்றி நாலைந்தடி அகலத்துக்கு நிலத்தைத் துப்புரவாக வைத்திருத்தல் வேண்டும். விறகையும் கிடுகையும் சுவரோடு சாத்தாமல், வீட்டிலிருந்து தள்ளி, நிலத்திற் படாதவாறு கல்லின்மேல் அடுக்குதல் நன்று. மதிலின் வெடிப்புகளையும், கதவின் கீழுள்ள இடைவெளியையும், நீர் வெளியேறும் குழாயின் வாயையும் அடைத்தல் வேண்டும். தானியத்தை மூடியுள்ள கொள்கலத்திலே வைத்து, எஞ்சிய சோற்றை வெளியிலே கொட்டாதிருந்தால் எலி குறையும். எலி குறைந்தால் பாம்பு குறையும். உள்ளி கரைத்துத் தெளித்தல், மண்ணெண்ணெய் ஊற்றுதல் என்பனவற்றை நம்பிப் பற்றையை வெட்டாது விடுபவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்.

துப்புரவு செய்யும்போதும் விழிப்பு வேண்டும். பற்றைக்குள் வெறுங்கையை நுழைத்தல் கூடாது. நீண்ட தடியால் முதலிற் தட்டி, சற்றுப் பொறுத்து, பின்னரே மண்வெட்டியோ கத்தியோ எடுக்க வேண்டும். காலுக்கு மூடிய சப்பாத்து வேண்டும். மட்டையைப் புரட்டும்போது அதன் மறுபுறத்தைத் தடியால் உயர்த்த வேண்டும். விரலைக் கீழே கொடுத்துத் தூக்கலாகாது. இரவிலே கிணற்றடிக்குச் செல்வோர், பத்தடி தூரமேயாயினும், ரோச் விளக்கின்றி அடியெடுத்து வைக்கலாகாது. பழகிய பாதையிலேதான் நாம் பார்க்காமல் நடக்கின்றோம்.

படுக்கையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எட்டடி விரியன் இரவிலே உலாவுவது; வீட்டினுள்ளும் நுழைவது. வெப்பந் தாளாது வெறுந்தரையிலே பாய் விரித்து உறங்குபவரையே அது பெரும்பாலும் கடிக்கின்றது. கடித்த இடத்தில் வலி மிகக் குறைவு, பல்லடையாளமும் தெரியாதிருக்கலாம். உறங்கியவர் நள்ளிரவிலே வயிற்றுவலியோடு எழுகின்றார். இராச்சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் எண்ணி, ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்கின்றனர். விடியுமுன் கண்ணிமைகள் கனத்துத் தாழ்கின்றன, பேச்சுக் குழறுகின்றது, விழுங்க முடியவில்லை, இறுதியில் மூச்சு விடும் தசைகளும் ஓய்கின்றன. வயிற்றுவலி தோன்றிய வேளையிலேயே வைத்தியசாலைக்குச் சென்றிருந்தால், செயற்கைச் சுவாசப் பொறியின் துணையோடு அவர் பிழைத்திருக்கக்கூடும். ஆதலின், தரையிற் படுத்தவர் காரணந் தெரியாத வயிற்றுவலியோடும் இமைத் தளர்ச்சியோடும் எழுந்தால் பாம்புக் கடியை நினைத்தே ஆகவேண்டும். கட்டிலிற் படுத்தலும், நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிவிடுதலும் எளிய காவல்கள். நுளம்பு வலை பாம்புக் கடியையும் குறைக்கின்றதென நேபாளத்திலே நடந்த ஆய்வொன்று 2007 இல் எடுத்துக்காட்டியது.

பாம்பை நேரிற் கண்டால் செய்வதென்ன? நின்ற இடத்தில் நில்லுங்கள். பின் மெல்லப் பின்வாங்குங்கள். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே கொண்டுசெல்லுங்கள். வெளியிலே கண்ட பாம்பு தானாகவே போய்விடும்; அதற்கு வழி விடுங்கள். வீட்டினுள் புகுந்ததாயின் உட்கதவுகளை அடைத்து, வெளிக்கதவைத் திறந்து விட்டு, அது எங்கே செல்கிறதென்று தொலைவிலிருந்து பாருங்கள். வெளியேறாவிட்டால் பாம்பு பிடிக்கப் பயின்றவரை அழையுங்கள். தடியெடுத்து அடிக்கப் போகும்போதும், இறந்ததென்று எண்ணித் தூக்கும்போதும் கடிபட்டோர் பலர். வெட்டுண்ட தலையும் சிறிது நேரம் கடிக்கவல்லது. நாகதம்பிரானுக்குப் பாற்பொங்கல் படைத்து வணங்கும் நாமே நாகத்தைக் கண்டதும் உலக்கை தேடுகின்றோம். வணக்கத்துக்கும் உலக்கைக்கும் இடையிலே, விலகி நிற்றல் என்னும் ஒரு நல்வழி உண்டு.

அத்தனைக்கும் பின் ஒருவர் கடியுண்டாரானால், அப்போது பெரும்பகை காலதாமதமே. இங்கே ஒரு கணக்கை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். 2012, 2013 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதிலும் வீடுவீடாகச் சென்று நடத்திய ஆய்வின்படி, இந்நாட்டிலே ஓராண்டில் ஏறக்குறைய 80,000 பேர் பாம்புக் கடிக்கு ஆளாகின்றனர். அவருள் ஏறக்குறைய 30,000 பேருக்கே உடலில் நஞ்சு ஏறுகின்றது. 400 இற்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். கடியுண்டோரிற் பாதிக்கு மேற்பட்டவர்க்கு நஞ்சே ஏறுவதில்லை என்பது இதன் பொருள். கடித்தது நஞ்சற்றதாக இருக்கலாம். நஞ்சுள்ளதும் சிலவேளை நஞ்சைச் செலுத்தாமலே கடிக்கும். மந்திரித்தும் பச்சிலை கட்டியும் பலர் பிழைத்தார்களெனின், அவர்களுட் பெரும்பாலோர் எதுவும் செய்யாவிட்டாலும் பிழைத்திருப்பர். நஞ்சேறியவர் எவர், ஏறாதவர் எவர் என்பது கடித்த உடனே வீட்டிலுள்ள யாருக்கும் தெரியாது. அதனாலேயே எல்லாரும் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

கடியுண்டவரை முதலிலே பாம்பிலிருந்து விலக்கி, தேற்றி, படுக்க வையுங்கள். மோதிரம், காப்பு, கொலுசு, இறுக்கமான ஆடை ஆகியவற்றை வீக்கம் ஏற்படுமுன் அகற்றுங்கள். கடியுண்ட காலையோ கையையோ, முறிந்த எலும்புக்குச் செய்வதுபோல, தட்டையான சலாகையோடு சேர்த்து அசையாதவாறு கட்டுங்கள். தசை அசைய அசைய நஞ்சு விரைந்து பரவும். ஆதலின் அவரை நடக்க விடாது தூக்கிச் செல்லுங்கள். வாந்தி எடுத்தால் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள். அதனால் அவயவம் அழுகிப் போகலாம். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், சுடாதீர்கள். சாராயமோ அஸ்பிரினோ கொடுக்காதீர்கள். பாம்பைத் தேடிப் பிடிப்பதிலும் நேரத்தைச் செலவிடாதீர்கள். எட்ட நின்று கைத்தொலைபேசியிற் படமெடுக்க முடிந்தால் அதுவே போதும்.

மருதனார்மடத்தார் இவ்விடயத்திற் பேறுடையோர். வடக்கே தெல்லிப்பழையில் ஆதார வைத்தியசாலை. தெற்கே நகரிலே போதனா வைத்தியசாலை. வாகனம் இல்லாதோர் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். 2018 முதல் வடமாகாணத்திலும் இச்சேவை நடைபெறுகின்றது.

வைத்தியசாலையிலே உடனே ஊசி போடவில்லையே என்று சிலர் சினப்பதுண்டு. நஞ்செதிர் மருந்து குதிரையின் குருதியிலிருந்து ஆக்கப்படுவது. சிறிய அளவு நஞ்சைக் குதிரைக்குப் பழக்கி, அதன் குருதியிலே தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கும் இம்முறையை 1890 களில் அல்பேர்ட் கல்மெற் என்னும் பிரெஞ்சு மருத்துவர் வகுத்தார். நம் வைத்தியசாலைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் இந்திய மருந்து மேற்கூறிய நால்வகைப் பாம்பின் நஞ்சுக்கும் எதிரானது. சென்னைக்கு அண்மையில், வடநெம்மேலியில் 1978 இல் அமைந்த இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளைப் பிடித்து, நஞ்செடுத்து, மீளக் காட்டிலே விட்டு, இம்மருந்தாக்கத்துக்கு உதவி வருகின்றனர். ஆனால் குதிரைக் குருதியிலிருந்து வந்தமையால் அம்மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை விளைக்கும். எனவே நஞ்சேறிய அறிகுறி கண்ட பின்னரே கொடுப்பர். ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயிலே சிறிது குருதியை எடுத்து 20 நிமிடம் அசையாது வைத்துச் சரித்துப் பார்ப்பர். அது உறையாது ஓடினால், விரியனின் நஞ்சு குருதியைக் கெடுத்துவிட்டதென அறிவர். அறிகுறி இல்லாவிடினும் ஒருநாள் தங்கச் சொன்னால் தங்குங்கள்.

நிறைவாக, ஆளில்லா வளவுக்கு வருவோம். அதன் உரிமையாளர் இலண்டனிலோ தொரன்ரோவிலோ இருக்கலாம். பற்றையினால் வரும் இடர் அவருக்கன்று, வேலிக்கு இப்பால் உறங்கும் குழந்தைக்கு. ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, ஆண்டுக்கொருமுறை மாரிக்கு முன் வெட்டுவிக்கும் செலவு: இவ்வளவே வேண்டுவது. வெளிநாட்டிலிருந்து இதனைக் கேட்கும் அன்பர்கள், ஊர்க்கோயில் திருவிழாவுக்கு அனுப்பும் பணத்தோடு இதற்கும் ஒரு சிறு பங்கை ஒதுக்குவார்களாக. அயலவர் இருவர் மூவர் கூடி ஒரு காலைப்பொழுதிலே வேலியோரத்தைத் துப்புரவாக்கினால், மனிதர் அச்சமின்றி உறங்குவர். பாம்பும் தன் வழியே உயிரோடு போகும்.